இருபது தகரங்களுக்காக ஓடியவர்

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையின் சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது ஊதுவதில்லை. அப்பா நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். மூன்றாம் நாளாக மழை விடவில்லை. நான் வாசலுக்கு வந்தபோது பார்வதி எங்கள் லயத்து வரிசை வீடுகளின் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தாள். தலை முதல் கால் வரை சேறு.

"அண்ணன மண்ணு மூடிருச்சு புள்ள. அண்ணன மண்ணு மூடிருச்சு."

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவர் குடித்த கோப்பையை நான் இன்னும் கழுவி வைத்திருக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறுமுகம் அண்ணன் எங்கள் தோட்டத்தின் தப்பால்காரர். தினமும் காலையில் தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே தபால் கந்தோருக்கு இறங்குவார். பகலுக்குள் கடிதங்களோடு மேலே வந்துவிடுவார். எத்தனை மழையிலும் அந்தப் பைக்குள் ஒரு கடிதம் நனைந்ததாக யாரும் குறை சொன்னதில்லை. நான் பதுளையில் படிப்பதால் நூலகப் புத்தகங்கள் சிலவும் அந்தப் பையில் ஏறி வரும். அவர் புத்தகம் படிக்கமாட்டார். ஆனால் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் திருப்பிக் கொண்டுபோகவும் மாட்டார். "அந்தக் கெட்டவன் கடசில என்ன ஆனான் தங்கச்சி? தப்பிச்சிட்டானா? அப்ப இந்தப் பொஸ்தகத்த நான் தூக்க மாட்டேன், நீயே தூக்கிட்டுப் போ" என்பார்.

சென்ற வருடம் பார்வதியின் தாயார் இறந்தார்கள். தந்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த ஆள் இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவை, குடியிருக்கும் அந்த ஒற்றை அறையை, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பார்வதிக்குப் பதினாறு வயது. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். அதே நிலையில் அடுத்த லயத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். ஐந்து பேரும் மண்மேட்டுக்குக் கீழே கைவிடப்பட்டிருந்த பழைய உரக் களஞ்சியத்தில் போய்ப் படுத்தார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை, வாருங்கள் என்று அழைக்கவும் இல்லை.

ஆறுமுகம் அண்ணன் மட்டும் அதைப் பற்றி எல்லோரிடமும் பேசினார். ஏன் இத்தனை அக்கறை என்று ஒருநாள் கேட்டேன். "பதிமூணு வயசுல என் காம்பராவும் போச்சு. ஆபீசுக்குப் பின்னால படுப்பேன். இந்தப் பைதான் எனக்குத் தலகாணி" என்றார்.

தோட்ட எல்லைக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு சிங்களக் குடும்பத்தார் அந்த ஐந்து பேருக்கும் வீடு கட்டக் கொஞ்சம் நிலம் விட்டுக்கொடுத்தார்கள். சுவருக்கு மண் இருந்தது. கூரைக்குத்தான் வழியில்லை. பதுளையில் இரும்புக்கடை வைத்திருந்த காதர் நானாவிடம் அண்ணன் கேட்கப் போன மாலையில், பஸ்ஸுக்காக நானும் அந்தக் கடையோரம் ஒதுங்கியிருந்தேன்.

"சும்மா தகரம் கேக்க வந்தீங்களா? ஊருக்கே தகரம் குடுத்தா நான் எங்க போய்ப் படுக்கிற?" என்றார் நானா.

"சும்மா வேணாம் நானா. வேல ஒண்ணு சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரிஞ்ச வேல நடக்கிறதுதானே. ஓடுங்களேன் பாப்பம். ஒரு மைல் கட்டைக்கு ஒரு தகரம் தாறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "எங்க தோட்டத்துல இருந்து இங்க பத்துக் கட்ட. திரும்பிப் போக இன்னொரு பத்து. இருபது தகரம். சரிதானே நானா?" என்றார். நானா தாடியைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தார். "அல்லாஹ்வே, இந்த மனுசன் மெய்யாவே ஓடுவார் போல" என்றார்.

அந்த வேடிக்கைப் பேச்சுதான் பந்தயமாக வளர்ந்தது. ஒரு கடைக்காரர் ஆணி தருவதாகச் சொன்னார், மரம் விற்கும் மரக்காலைக்காரர் கூரைக்குக் கைமரம் தருவதாகச் சொன்னார். பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் நால்வரும், உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து ஓட வந்தார்கள். தொழிற்சாலை வாசலில் தப்பு அடித்து அனுப்பி வைத்தோம். எல்லோரும் சப்பாத்தும் காற்சட்டையுமாக நிற்க, அண்ணன் மட்டும் வெறுங்காலோடு, தோளில் தப்பால் பையோடு நின்றார்.

"பைய வச்சிட்டு ஓடுங்கண்ணே, பாரமா இருக்கும்" என்றேன்.

"பை இல்லாட்டி இந்தக் காலுக்கு வழி தெரியாது தங்கச்சி."

அவர்தான் கடைசியாக வந்தார். ஒவ்வொரு மைல்கல்லிலும் நின்று, அதைக் கையால் தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். திரும்பும் வழியில் பதினேழாவது கட்டையில் கால் இழுத்துக்கொண்டது. கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ன தப்பால், தந்தி ஏதும் வருமா, இல்ல சாதாக் கடிதம்தானா?" என்று லொறியில் போனவர்கள் கத்தினார்கள். எழுந்து நொண்டிக்கொண்டே மீதி மூன்று கட்டையையும் ஏறி முடித்தார். முதலாவதாக வந்தவர் மாலையைக் கழற்றி அவருக்குப் போட வந்தபோது, "மாலய நீ வச்சிக்க தம்பி. எனக்குக் கூரை போதும்" என்றார்.

காதர் நானா சொன்ன சொல் தவறவில்லை. தகரங்களின் உட்பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்று முதல் இருபது வரை இலக்கம் எழுதி அனுப்பியிருந்தார். "உள்ளுக்குப் படுக்கிற பிள்ளைகள் எத்தன கட்டைன்னு பாத்துக்கட்டும்" என்று லொறிக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் வீடு முடிந்தது. கதவும் பூட்டும் போட்டாயிற்று.

இனி எழுத வேண்டியதை எழுத என் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதுவேன். எங்கள் கோயில் பூசாரிக்குக் கண் மங்கிவிட்டதால் தோட்டத்தில் பஞ்சாங்கம் பார்ப்பவள் நான். படிக்கிற பெண் என்ற பெருமை எனக்கு இருந்தது. பால் காய்ச்ச நாள் கேட்டு எல்லோரும் வந்தபோது, மார்கழியில் குடி புகக் கூடாது, தை முதல் நாள்தான் நல்லது என்று நான்தான் சொன்னேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழை பஞ்சாங்கம் பாக்குமா தங்கச்சி?" என்று கேட்டார். பிறகு அவரும் ஒப்புக்கொண்டார். சாவி எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குக் கீழே தொங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அவர் வந்தார். "சாவியக் குடு. மேட்டுல வெடிப்பு விட்டிருக்கு. புள்ளைங்கள அந்தப் பக்கம் கொண்டு போயிறணும்."

நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். "இப்ப எமகண்டம்ணே. ஒன்றரைக்கு மேல போங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு என் மேல் இருந்த மரியாதையை நான் அறிவேன். படியில் உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார்கள். இரண்டு முறை எழுந்து மேட்டுப் பக்கம் பார்த்தார். ஒன்றரை அடித்ததும் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பந்தயத்திலும் பார்க்கவில்லை.

ஐந்து பேரையும் ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டு சேர்த்தார். கதவைத் திறந்து உள்ளே விட்டார். அப்போதுதான் பார்வதி, தகரப் பெட்டி அங்கேயே இருக்கிறது என்று அழுதாள். ஐந்து பேருடைய பிறப்புப் பத்திரங்களும் அதற்குள் இருந்தன. எங்கள் மக்களுக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் எந்த நாடும் இல்லை. இருபது வருடமாக மற்றவர்களின் தாள்களைச் சுமந்த அவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. "நீங்க இங்கயே இருங்க. யாரும் வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாராம். அவர் களஞ்சியத்துக்குள் இருந்தபோதே மேடு சரிந்ததை, அவர் சொல்லை மீறிப் பின்னால் போன பார்வதி கண்டாள்.

மண்ணை வெட்டி அவரை எடுத்தபோது மறுநாள் விடிந்திருந்தது. பெட்டி நசுங்கிக் கிடந்தது. தாள்கள் அதில் இல்லை. தோல் பைக்குள், மெழுகுத் துணியில் மடித்து, ஐந்தும் நனையாமல் இருந்தன.

அந்த ஒரு மணி நேரத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்? "நீ சொன்னத நாங்க எல்லாருந்தான் ஒத்துக்கிட்டோம்" என்று அப்பா சொல்கிறார். காதர் நானா மரண வீட்டுக்கு வந்து மழையிலேயே நின்றார். பார்வதி என்னோடு பேசுகிறாள். அதுவே எனக்குத் தாங்க முடியவில்லை.

இதை எழுதும்போது இன்னும் மார்கழி முடியவில்லை. ஐந்து பேரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். பால் காய்ச்சவில்லை. நேற்று நான் அங்கே போயிருந்தேன். ஓரிடத்தில் கூரை ஒழுகியது. பார்வதியின் கடைசித் தங்கை மேலே கையை நீட்டிக் காட்டினாள். சிவப்பு மையில் பதினேழு என்று எழுதியிருந்தது. அங்கே ஒரு சட்டியை வைத்துவிட்டு, துளி விழும் சத்தத்தைக் கேட்டபடி ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணே, உட்காருங்கள். கால் வலி தீரும்வரை அந்தக் கல்லில் உட்காருங்கள். இனி எந்த நேரத்துக்காகவும் உங்களைக் காக்க வைக்கமாட்டேன்.