மூன்றாவது எர்த்

அன்று மாலை ஐந்தே முக்காலுக்குள் மின்வாரிய உதவிப் பொறியாளர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் துர்காவின் வீட்டு மாடியில் நிற்கும் ஆறு சோலார் பலகைகளும் வெறும் கண்ணாடிதான்.

அவள் கொடுத்த முதல் விண்ணப்பம் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது. மின் இணைப்பு மாமனார் பெயரில் இருந்தது. மாமனார் இறந்து ஆறு வருடமாகிறது. பெயரை மாற்ற அலைந்து, மறுபடி விண்ணப்பித்து வாங்கிய அனுமதிக்கு இந்த ஆடி வெள்ளிதான் கடைசி நாள். மூன்றாவது முறை ஓட அவளுக்குத் தெம்பு இருந்தது. மூன்றாவது முறை கையெழுத்துப் போட்டுக்கொடுக்க ஆள்தான் இல்லை.

துர்காவுக்குச் சொந்த ஊர் முசரவாக்கம். அப்பாவின் கிணற்று மோட்டார் புகைந்து நிற்கும்போதெல்லாம் அதைப் பிரித்துப் பார்த்தே வளர்ந்தவள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் வகுப்பில் இருபத்து நான்கு பையன்கள், இவள் ஒருத்தி. படிப்பு முடிந்ததும் வேலை கேட்டுப் போன இடங்களில், "கம்பம் ஏறுவியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஏறுவேன் என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு பேருந்தில் பழகிய ஜெயக்குமாரைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாள். அவன் பட்டு நெசவு. இவள் தெருவில் எல்லோருக்கும் மிக்ஸி, ஃபேன், மோட்டார் பழுது பார்த்தாள். ஆனாலும் தெருவில் அவளுக்குப் பெயர் 'தறிக்காரர் வீட்டம்மா'தான்.

சோலார் போடலாம் என்று முடிவானபோது ஜெயக்குமார் கம்பெனிக்காரனைக் கூப்பிடச் சொன்னான். பதிவு பெற்ற கம்பெனி செய்தால்தான் மானியமும் வரும்.

"என் வூட்டு மாடிக்கு இன்னொருத்தன் எதுக்கு? நானே போடுறேன்," என்றாள் துர்கா.

போட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் கயிறு கட்டிப் பலகைகளை மேலே ஏற்றினார்கள். இரும்புக் கால்களை நட்டு, இன்வெர்ட்டரை மாட்டி, கம்பிகளை இழுத்தது எல்லாம் அவள் கை. ஆனால் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் ஒருவர் கையெழுத்தில்லாமல் வாரியம் கோப்பைத் தொடாது. இரண்டு பேர் முடியாது என்றார்கள். வாலாஜாபாத் தணிகாசலம் மட்டும் அவள் வரைந்த படத்தையும் போனில் இருந்த போட்டோக்களையும் பத்து நிமிடம் பார்த்தார்.

"வேல சுத்தமா இருக்குது. போடுறேன். ஆனா மொத தடவையே பாஸ் ஆவணும்மா. ஒரு குறை வந்துச்சுனா என் கையெழுத்த திரும்ப வாங்கிக்குவேன். அப்புறம் இந்தப் பக்கம் வராத."

அன்று பகல் இரண்டரை மணிக்கு உதவிப் பொறியாளர் வசிஷ்ட் வந்தார். சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளை, துர்காவைவிட நான்கைந்து வயது இளையவர். சிரிக்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. தணிகாசலமும் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். இந்த வீட்டுக்கு அவர் வருவதே அன்றுதான் முதல் தடவை.

மாடியில் ஒவ்வொரு நட்டையும் வசிஷ்ட் ஆட்டிப் பார்த்தார். கீழே வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். வெளியே கம்பத்தில் லைன்மேன் வேலை செய்யும்போது வீட்டு சோலார் கரண்ட் அவரைத் தாக்கக் கூடாது. தெருவில் கரண்ட் போன கணமே இன்வெர்ட்டரும் அணைய வேண்டும். அணைந்தது.

"எர்த் மூணு தனித்தனியா இருக்கா?"

"இருக்குது சார். பலகைக்கு ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணு, ரெண்டும் பின்னாடி தொவைக்கிற கல்லுகிட்ட. மூணாவது இடிதாங்கிக்கு. அது உள்மூலைல."

பின்னால் இரண்டையும் அளந்தார். சரியாக இருந்தன. இடிதாங்கியின் பட்டைக்கம்பி மாடியிலிருந்து நடைச் சுவர் வழியாக இறங்கி, ஒரு துளைக்குள் நுழைந்து தறிக்கூடத்துக்குள் போனது. தறிக்கூடத்துக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. வசிஷ்ட் தன் ஷூவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நடையில் நின்றபடியே கவ்வி மீட்டரைப் பட்டையில் மாட்டினார்.

"ஒண்ணு புள்ளி ஆறு ஓம்! அஞ்சுக்குள்ள இருந்தாலே போதும். எங்க ஆபீஸ் எர்த்தே இவ்வளவு நல்லா இல்ல."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. "பொண்ணு வேலைக்காரி சார்."

"கோப்பக் கொடுங்க."

கோப்பு தறிக்கூடத்து மாடத்தில் இருந்தது. துர்கா உள்ளே ஓடினாள். ஜெயக்குமார் தறியில் இருந்தான். வெளிச்சம் போதாமல் குனிந்து, தறிக்கு அடியில் உள்ள குழிக்குள் தொங்கும் கால்களால் மிதிபலகையை மிதித்து மிதித்து நெய்துகொண்டிருந்தான். இழை அறாமலிருக்கக் காலையில் தெளித்த தண்ணீரில் குழி மண் இன்னும் கசகசவென்று இருந்தது. மாடத்தை எட்டிக் கோப்பை எடுத்தவள் கண்ணில் அது பட்டது. குழியின் மூலையில், அவன் இடது குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி, செம்புப் பூச்சு மின்னும் கம்பியின் தலை.

தூரத்தில் இடி உருண்டது.

துர்கா அப்படியே நின்றாள். அந்தக் கம்பியை அடித்து இறக்கியது அவள்தான். பின்னால் இரண்டு எர்த்துக்கே இடம் சரியாகிவிட்டது, மற்றபடி வீடு முழுக்க சிமெண்டு. மண் தெரியும் இடம் இந்தக் குழி ஒன்றுதான். எப்போதும் ஈரம். இரண்டடி ஏற்கெனவே தோண்டியும் கிடந்தது. எர்த்துக்கு இதைவிட நல்ல இடம் காஞ்சிபுரத்திலேயே கிடையாது என்று பெருமைகூடப் பட்டாள். அப்போது தறி காலி. பழைய பாவு நூல் நெய்து முடிந்து, அடுத்த பாவு ஒரு மாதமாகியும் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் அவளுக்குக் குழி வெறும் குழியாகத் தெரிந்தது. மூன்று நாளைக்கு முன்புதான் புதுப் பாவு பிணைத்தார்கள். குழிக்குள் மறுபடி கால்கள் இறங்கின. அவள் கடைசி நாள் கவலையில் அதைக் கவனிக்கவே இல்லை.

இடிதாங்கியில் மின்னல் விழுந்தால் கம்பி வழியாக மண்ணுக்குப் போகும். சுற்றியுள்ள ஈர மண்ணே ஆளை அடிக்கும். இரண்டாம் வருடப் பரீட்சையில் அவள் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

"துர்கா, இன்னாம்மா பண்ற? சார் நிக்கிறாரு பாரு," தணிகாசலத்தின் குரல்.

வெளியே வந்தாள். வசிஷ்ட் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். அளவு சரி. மீட்டரே சொல்லிவிட்டது. கையெழுத்து விழுந்த பிறகு, இன்றைக்கே, கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அடிக்க வேறிடம் எங்கே? இடமில்லாமல்தானே உள்ளே அடித்தாள். இன்றைக்கு முடியாது, நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போகும். அவன் தினமும் அந்தக் குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கோப்பை நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"சார், கையெழுத்து போடாதீங்க."

"என்ன?"

"மூணாவது எர்த் தறிக்குழியில இருக்குது. எங்க வூட்டுக்காரரு கால் வெக்கிற எடத்துல."

சொல்லிவிட்டு அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏங்க, தறிய விட்டு எழுந்து வாங்க!"

"இரு, இந்த ஊடை நூல தட்டிக்கினு வர்றேன்."

"ஊடையும் வாணாம் ஒண்ணும் வாணாம்! கால மேல தூக்குங்க!"

அவள் குரலில் என்ன கேட்டதோ, நூல் ஓட்டும் நாடாவைப் போட்டுவிட்டுக் கால்களைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டான். அவன் நடைக்கு வந்து சேர்வதற்குள் நடை முழுவதும் ஒரு கணம் வெள்ளையாகி மறைந்தது. சத்தம் பின்னால் வந்தது.

"அறிவு இருக்குதா உனுக்கு?" தணிகாசலம் வெடித்தார். "தறிக்குழியில யாராவது எர்த் அடிப்பாங்களா? அடிச்சதுதான் அடிச்ச, இத்தினி நாள் வாயத் தொறக்கல. இப்ப மட்டும் எதுக்குத் தொறந்த? என் லைசென்ஸ் இன்னா ஆவறது?" தலையில் அடித்துக்கொண்டார். "பாக்காம கையெழுத்துப் போட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

வசிஷ்ட் ஷூவைக் கழற்றினார். தறிக்கூடத்துக்குள் போய்க் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நானும் உள்ள வந்து பாத்திருக்கணும்," என்றார் மெதுவாக. பேனாவை மூடினார். "நியாயமா நிராகரிப்புனு எழுதணும். கூரத்துல எனக்கு ரெண்டு வீடு பாக்க இருக்கு. திரும்பி இந்த வழியாத்தான் ஆபீஸ் போவேன். அஞ்சு நாப்பதுக்கு மேல என்னால நிக்க முடியாது. அதுவரைக்கும் எதையும் எழுதல."

அவர் போனதும் துர்கா வீட்டைச் சுற்றி மனதுக்குள் நடந்து பார்த்தாள். பின்னால் இடமில்லை, மூன்றும் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அவள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே, ஆள் நுழையாத, இரண்டடி அகல முட்டுச்சந்து. வெறும் மண். அது இரண்டு வீட்டுக்கும் பொது.

அடுத்த வீடு நீலாம்பாளுடையது. பலகைகள் ஏறிய நாளிலிருந்து அந்த அம்மாள் துர்காவோடு பேசுவதில்லை. பலகையின் வெளிச்சம் அவர் வடகம் காயவைக்கும் இடத்தில் கண்ணைக் கூசுகிறதாம். அவரிடம் கேட்க வேண்டுமே என்று தயங்கித்தான் துர்கா அன்றைக்குத் தறிக்குழிக்குள் கம்பியை அடித்தாள். இப்போது படியேறினாள்.

நீலாம்பாள் அம்மனுக்குக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அக்கா, சந்துல ஒரு கம்பி எறக்கணும். நீங்க சரினு சொல்லணும்."

"கலெக்டர் ஆபீஸு, கரண்ட் ஆபீஸு, ஒண்ணு விடாம ஏறி எறங்குன. இந்த மூணு படி ஏறத்தான் உனுக்கு காலு வலிச்சிதா?"

"தப்புதான்க்கா."

"எனுக்கு இன்னா ஆவும் அந்தக் கம்பியால?"

துர்கா மறைக்கவில்லை. இடி இடிக்கும்போது சந்தில் யாரும் நிற்கக் கூடாது, சந்துப் பக்கத்து ஜன்னல் கம்பியைத் தொடக் கூடாது என்றாள். குழியில் அடித்ததையும், அவன் கால் பக்கத்தில் இருந்ததையும் சொன்னாள்.

நீலாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அடிப்பாவி. அந்தப் புள்ள அங்க உக்காந்துக்கினு இருந்துதா?" கையைத் துடைத்துக்கொண்டார். "போய் அடி. ஆனா அந்த ஓரத்துப் பலகைய கொஞ்சம் சாச்சி வெக்கணும். என் வடகம் காயிற எடத்துல நான் கண்ண மூடிக்கினு நிக்க முடியாது."

"சாச்சிடுறேன்க்கா."

மணி மூன்றரை. மழை பிடித்துக்கொண்டது. மின்னும்போது கம்பியைத் தொட முடியாது. துர்கா நடையில் நின்று வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணினாள். ஐந்து. எட்டு. மறுபடி ஆறு. தணிகாசலம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தேய்ந்து கிழக்கே போனபோது நாலே கால் ஆகிவிட்டது. அதன் பிறகும் அவள் பத்து நிமிடம் அசையவில்லை.

"போதும்மா, போயிடுச்சு," என்றார் தணிகாசலம்.

"இன்னைக்கு ஒரு தப்பு போதும்ண்ணா."

பிறகு மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். பழைய கம்பியைப் பிடுங்கவே பதினைந்து நிமிடம் போனது. குழி மண் அதை விடவில்லை. ஜெயக்குமார் சந்தில் கடப்பாரை போட்டான். துர்கா மாடியிலிருந்து பட்டைக்கம்பியைச் சந்துச் சுவர் வழியாகத் திருப்பி இறக்கி முடுக்கினாள். வெள்ளைச் சட்டையில் சேறு தெறிக்கத் தணிகாசலம் சுத்தியல் பிடித்தார். நீலாம்பாள் கேட்காமலே ஒரு முறம் அடுப்புக்கரியும் கல்லுப்பும் கொண்டுவந்து சந்துக் குழியோரம் வைத்தார். எர்த் நன்றாகப் பிடிக்கக் கம்பியைச் சுற்றி அதைத்தான் கொட்டி மூடினார்கள்.

ஐந்து இருபத்தைந்துக்கு வசிஷ்டின் வண்டி வந்தது. சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து மீட்டரை மாட்டினார். எண் ஏறியது, இறங்கியது, நின்றது.

"நாலு புள்ளி மூணு."

அஞ்சுக்குள். ஆனால் அவர் பேனாவை எடுக்கவில்லை.

"இது மழை ஈரத்துல வர்ற அளவு. காஞ்சா ஏறும். ரெண்டு வாரம் கழிச்சு வெயில்ல வந்து அளப்பேன். அஞ்சைத் தாண்டினா இணைப்ப நிறுத்திடுவேன். சம்மதமா?"

"சம்மதம் சார். வாரத்துக்கு ஒருக்கா தண்ணி ஊத்துவேன்."

தணிகாசலம் வரைபடத்தில் பழைய புள்ளியை அடித்து, சந்தில் புதுப் புள்ளி வைத்து, சேற்றுக் கையோடு பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். வசிஷ்ட் வண்டி சீட்டில் கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஐந்து முப்பத்தாறு. அதைப் போனிலேயே வாரியத்துக்கு ஏற்றிவிட்டு, திரையைத் துர்காவிடம் காட்டினார்.

தணிகாசலம் கிளம்பும்போது சட்டையைப் பார்த்துக்கொண்டார். "என் கையெழுத்த திரும்ப வாங்கல. ஆனா இனிமே எந்த வூட்டுக்கும் போட்டோ பாத்துப் போட மாட்டேன். அடுத்த வூட்டுக்கு நீயும் என்கூட வந்து பாரு."

அவர் போன பிறகு ஜெயக்குமார் தறிக்கூடத்து வாசலில் நின்றான். உள்ளே போகவில்லை. கம்பி பிடுங்கிய இடத்தில் குழி மூலை ஓட்டையாகக் கிடந்தது.

"அங்க இப்ப ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"நெசமா?"

துர்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஓட்டையை மண் போட்டு அடைத்து, கையால் தட்டிக் கெட்டியாக்கினாள். பிறகு பலகையில் உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் குழிக்குள் இறக்கி, குதிகாலை அந்த மூலையிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் வரும்வரை எழுந்திருக்கவில்லை.