ஈயத்தைத் தின்ற ஓநாய்

போன வாரம் வீட்டில் ஒரு குண்டு பல்பு ஃபியூஸ் போனது. கடைக்காரர் ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே டங்ஸ்டன் கம்பி அந்துபோச்சு பெரியவரே" என்றார்.

டங்ஸ்டனா? அது மண்ணாக இருந்தபோதே எனக்குப் பழக்கமாயிற்றே!

யுத்தம் முடிந்த சமயம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ராயபுரத்தில் ஒரு டீக்கடை... வேண்டாம், டீக்குள் இறங்கினால் கரையேற மாட்டேன்.

எங்கள் கேங்கில் சேர வந்தான் மஸ்தான். வேலை கிடைத்தால்தான் பெண் என்று வண்ணாரப்பேட்டையில் ஒரு மாமனார் உட்கார்ந்திருந்தார். ஆனால் மேஸ்திரி எல்லப்பன் ஒரு சட்டம் வைத்திருந்தார் – முதல் நாள் மூட்டையைக் கீழே போட்டவனுக்கு மறுநாள் வேலை இல்லை.

புது ஆளுக்கு லேசான சரக்கைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு வந்த ரங்கூன் கப்பலில் முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டிச் சாக்குகள். உள்ளே கறுப்பு மண். சின்னதுதானே? நாலைந்து பேர் கைகொடுத்ததில் எங்களுக்குக் கனம் தெரியவில்லை; அவன் முதுகில் இரண்டாக ஏற்றிவிட்டோம்.

நாலே அடி. மஸ்தான் மூட்டையோடு குந்திவிட்டான்!

"இன்னா நைனா, பொண்ணு வூட்டு சோறு இன்னும் வர்லியா?" என்றான் ஒருத்தன். ஒரே சிரிப்பு.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "தலகாணி சைஸ்ல கீது. இத்தத் தூக்க முடிலன்னா வூட்டாண்ட போய்க்கினே இரு."

மஸ்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ ஒரு தபா தூக்கிப் பாரேன் மேஸ்திரி!"

"ஏத்துங்கடா ரெண்டு!"

ஏற்றினோம். மூன்றாவது அடியில் மேஸ்திரியும் தரையில்!

சாக்கு எண்ணுகிற கிளார்க் ஓடி வந்தார். "யோவ்! ஒரு சாக்கே அரிசி மூட்டை வெயிட்டுய்யா. இது உல்ஃப்ராம்!"

டங்ஸ்டன் எடுக்கிற அபூர்வமான உலோகக் கல்லைப் பொடித்ததாம். ஐரோப்பாவில் வெள்ளீயம் உருக்கும்போது இது கலந்துவிட்டால் பாதி ஈயம் காணாமல் போகுமாம். ஆட்டை ஓநாய் தின்கிற மாதிரி ஈயத்தைத் தின்கிறதே என்று உலைக்காரர்கள் வயிற்றெரிச்சலில் 'உல்ஃப்' என்று ஓநாயின் பெயரையே வைத்துவிட்டார்களாம்.

"இத்தினி நாளா ஈயத்தத் தின்னுச்சு. இன்னிக்கு நம்ம மேஸ்திரியத் தின்னுடுச்சு!" என்று ஒரு குரல்.

எல்லோரும் மேஸ்திரியையே பார்த்தோம். மஸ்தானை அனுப்பினால் அவரும் அல்லவா கிளம்ப வேண்டும்?

உட்கார்ந்தபடியே சொன்னார்: "டேய் மஸ்தானு... நீ நாலு அடி நடந்தே, நான் மூணுதான். நாளிக்கு காலீல வந்துரு."

அடுத்த மாதமே நிக்காஹ். மேஸ்திரி பிரியாணி தின்ற வேகத்தை மட்டும் அந்த உலைக்காரர்கள் பார்த்திருந்தால்... கல்லுக்கு எல்லப்பன் என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள்!