வசந்தாமணி அக்காவின் ரணகள்ளி

சனிக்கிழமை காலை, செக்கிங் மேசையில் முதல் பனியன் கட்டைப் பிரிக்கும்போதுதான் வசந்தாமணி அக்கா தவறிப்போய்விட்டார் என்று செய்தி வந்தது. அதே மேசையில் பதினோரு வருடம் அவரோடு பனியன்களுக்குப் பிசிறு நூல் வெட்டியவள் நான்.

அவர் குடியிருந்த லைன் வீட்டில் தொட்டி வைக்க இடமில்லை. ஊரில், குண்டடத்தில், அம்மா வீட்டை விற்றபோது எடுத்துவந்த ரணகள்ளிச் செடியைக் கம்பெனி ஜன்னலோரம் பெயின்ட் வாளியில் வளர்த்தார். பருத்த இலை தண்ணீரைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலுக்கும் அசராது. பூக்கள் குட்டி மணிகளாகத் தொங்கும். தினமும் தண்ணீர் ஊற்றுபவர்களிடம், "பாசத்தக் கொஞ்சம் கொறச்சுக்கோங்க, அழுகிப்போயிருமுங்க" என்பார். சிறுநீரகக் கல்லுக்கு இலை கேட்டு வந்தால், "மொதல்ல டாக்டரப் பாருங்க. செடி எங்கயும் ஓடிப்போகாது" என்பார்.

ஒருமுறை ஓடித்தான் போனது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று சுத்தம் செய்தவர்கள், வாளியோடு குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மிஞ்சியது உதிர்ந்து கிடந்த ஒற்றை இலை. அக்கா அதை மேசை ஓரத்தில் வைத்தார். "மண்ணே வேண்டாமுங்க, எலையே குட்டி போடும்" என்றார். டீ நேரம்தோறும் மொத்த செக்‌ஷனும் வந்து எட்டிப் பார்த்தது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கப் பிசிறு தேடிய கண்ணுக்கு உலகமே பிசிறு. இலையின் ஓரத்தில் வெள்ளை நூல்கள் தொங்கின. நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்துச் சுற்றிலும் சுத்தமாக நறுக்கிவிட்டேன். அவை வேர்கள்.

அக்கா வந்து பார்த்தார். "ஏனுங்க, இதுக்குமா டிரிம்மிங்?" என்று மெதுவாகக் கேட்டு, இலையைத் திருப்பிப் பார்த்தார். "துளிர் இருக்குதுங்க. மறுக்காவும் வேர் உடும்."

அதற்குள் டீக்குக் கூட்டம் வந்துவிட்டது. "யாரு இந்த வேலையப் பண்ணுனது?" என்று சத்தம் போட்டார் அயர்ன் மாஸ்டர். "நான்தானுங்க. பழக்கதோசம்" என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

பத்து நாளில் வேர் விட்டது. நம் செக்‌ஷன்காரர்களே, உங்கள் வீட்டு வாசல்களில் இன்று நிற்கும் ரணகள்ளிகள் எல்லாம் அந்த இலையின் பிள்ளைகள். ஆனால் செடிக்குப் பிசிறு வெட்டியவர் என்ற கேலி அக்காவை விடவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நானும் வெட்கமில்லாமல் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன். கேலியை மட்டும் அவர் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். வெட்டியது நான்.