புலி கடித்தால் யார் பொறுப்பு?

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. பாடத்தில் வருவதை நேரில் காட்டினால் என்ன என்று ஒருநாள் தோன்றும் பாருங்கள், அன்றைக்குப் பிடிக்கிறது சனி.

திருவனந்தபுரத்தில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் தமிழ்ப் பிரிவில் நான் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். பாதிக்கு மேல் வள்ளியூர், தென்காசிப் பக்கமிருந்து கட்டிட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள். மலையாளப் பிரிவும் இங்கிலீஷ் பிரிவும் வருஷம் தவறாமல் டூர் போகும். எங்கள் பிரிவு கேட்டருகே நின்று டாட்டா காட்டும். அந்த எரிச்சலில்தான், மாணவர்களைத் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஓர் அறக்கட்டளை மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பம் போட்டேன். கிடைத்தும் தொலைத்தது. இனி நான் பட்டதைச் சொல்கிறேன்; நீங்களும் ஆசிரியராக இருந்தால் பாதி உங்கள் கதையாகத்தான் இருக்கும்.

போன் வந்தது

ஜனவரி பாதி கடந்த பிறகுதான் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. பேசிய பெண்ணின் குரல் தேன். நிபந்தனைகள் அப்படியில்லை. இருபத்தைந்து பிள்ளைகளாவது வர வேண்டும். இருபத்துநாலு என்றால் மானியம் ரத்து. ரத்தானால் எங்கள் பள்ளி மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

நாங்கள் போக வேண்டிய இரவிகுளம் பூங்காவில் வரையாடுகள் குட்டி போடும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். திறக்கும்போது எங்களுக்கு வருஷப் பரீட்சை முடிந்திருக்கும். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள்: "மேடம், அது ஆட்டுக்குத்தான் தெரியும்."

நான் செய்த நல்ல காரியம்

பெற்றோர் சம்மதப் படிவம் இங்கிலீஷிலும் மலையாளத்திலும் வந்தது. எங்கள் பெற்றோர் பலருக்கு இரண்டுமே படிக்க வராது. இத்தனை வருஷமாகப் பள்ளியிலிருந்து எந்தக் காகிதம் போனாலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நல்ல தமிழில், ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன். ஏழாவது வரி இது: 'வனவிலங்குத் தாக்குதல், விபத்து, இயற்கைச் சீற்றம் ஆகியவற்றால் மாணவருக்கு நேரும் காயத்துக்கோ மரணத்துக்கோ பள்ளியும் அறக்கட்டளையும் பொறுப்பல்ல.'

திங்கட்கிழமை இருபத்தெட்டு படிவம் கொடுத்தனுப்பினேன். செவ்வாய்க்கிழமை கையெழுத்தோடு வந்தது ஒன்பது. மற்றதெல்லாம் வெறுமையாக வந்தது. இரண்டில் ஏழாவது வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். அதே வாசகத்தில் மலையாளப் பிரிவு மூன்று தரம் டூர் போயிருக்கிறது. ஒருவரும் அந்த வரி வரைக்கும் படித்ததில்லை. எங்கள் ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கையொப்பு வாங்கினா போராதோ டீச்சரே? அதை வாசிச்சு வேற கொடுக்கணுமோ?"

கரமனையில்

வீடு வீடாகப் போவதென்று முடிவு செய்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ். முதலில் கரமனை. அக்ரகாரத்தில் ஒரு பையனின் அப்பா, வங்கியில் வேலை பார்ப்பவர், காபி கொடுத்து உட்கார வைத்து, படிவத்தை எனக்கே உரக்கப் படித்துக் காட்டினார். நான் எழுதிய தமிழ் எனக்கே பயமாக இருந்தது. கூட இரண்டு ஆசிரியர்கள் வருகிறோம், வனக்காவலர் இருப்பார், புலி அந்தப் பாதைப் பக்கம் வருவதில்லை என்றெல்லாம் அடுக்கினேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டார். போட்ட பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "ஸ்கூல் பொறுப்பில்லே, டிரஸ்ட் பொறுப்பில்லேன்னு போட்டிருக்கேள். அப்போ யார்தான் பொறுப்பு டீச்சர், புலியா?"

விழிஞ்ஞத்தில்

நாலு நாள் அலைந்ததில் இருபத்துநாலு சேர்ந்தது. மிச்சம் நாலு பேரில் ஒருத்திக்கு அம்மை, ஒருவன் ஊருக்குப் போய்விட்டான், ஒரு அப்பா கதவையே திறக்கவில்லை. பாக்கி முத்துச்செல்வி. வகுப்பில் எதைக் கொடுத்தாலும் முடிக்காமல் எழுந்திருக்காத பெண். மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் பெயர்ப் பட்டியல் போக வேண்டும். குட்டி பிறக்க ஆரம்பித்துவிட்டது, எந்த நாளும் பூட்டிவிடுவார்கள் என்று வேறு சேதி வந்திருந்தது.

விழிஞ்ஞத்தில் ஒற்றை அறை வீடு. முத்துச்செல்வியின் அம்மா பேச்சியம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கும் முன்பே, "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க டீச்சர்" என்றார். அவருடைய அண்ணன் வேறொரு ஊரில் கட்டிட வேலைக்குச் சேர்ந்தபோது ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சாரம் சரிந்து விழுந்து செத்த அன்றைக்கு அந்தப் பேப்பரைத்தான் எடுத்துக் காட்டினார்களாம். 'நாங்கள் பொறுப்பல்ல.' இவ்வளவையும் மீனைக் கழுவிக்கொண்டே சொன்னார். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தேன். மகள் மூலையில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, பழைய நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து என் முன்னால் வைத்தார்: "எப்பவும் நாங்கதான போடுதோம். புள்ளையக் கொண்டாந்து என் கையில ஒப்படைப்பேன்னு எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, நானும் போடுதேன்."

ஒன்று இருபத்தைந்தானது

எழுதிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் என் வகுப்பு வாசலில் பெற்றோர் கூட்டம். முத்துச்செல்வி வீட்டுக்கு மட்டும் டீச்சர் எழுதிக் கொடுத்தார்களாமே? பன்னிரண்டு மணிக்குள் இருபத்துநாலு தாள் எழுதினேன். படிவத்தில் யாருமே பொறுப்பில்லை. கையால் எழுதிய தாளில் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி பொறுப்பு.

கூட வரப்போகும் பி.டி. வாத்தியார் பிஜு மாஷ், தாள்களை எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல ஓரடி தள்ளி நின்றார்: "டீச்சரே, இதில என் பேரு எவிடயும் இல்லல்லோ?"

மறுபடியும் இருபத்துநாலு

முதல் நாள் முழுக்கப் பயணம். மறுநாள் காலை பூங்காவின் வண்டியில் மேலே ஏறி இறங்கினோம். குளிர் காதைக் கடித்தது. ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தேன்: கண்ணில் படும் வரையாடுகளை எண்ணிக் குறிக்க வேண்டும், எண்ணி முடிக்காமல் யாரும் என்னிடம் வரக் கூடாது. ஆடுகள் தாராளமாகவே காட்சி தந்தன, பாறைமேல், பாதையோரத்தில். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நானும்தான்.

பிறகு மூடுபனி வந்தது. ஒரே நிமிஷத்தில் முன்னால் நின்ற பிள்ளையின் சட்டை தெரியவில்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் கைகோத்து நிற்கவைத்து எண்ணினேன். இருபத்துநாலு. திரும்ப எண்ணினேன். இருபத்துநாலு. யார் இல்லை என்று பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பிஜு மாஷைப் பிள்ளைகளோடு நிறுத்திவிட்டு, காவலரோடு ஓடினேன். கத்தாதீர்கள், குட்டிகள் மிரளும் என்றார் அவர். கத்தாமல் ஒரு பிள்ளையை எப்படித் தேடுவது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. சரிவின் பக்கம் பார்க்கப் பயந்து பாறையைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். பேச்சியம்மாள் நோட்டிலிருந்து கிழித்த அந்தத் தாளின் கோடுகள்கூடக் கண்முன் வந்தன.

பத்து நிமிஷம் இருக்கும். வளைவுக்கு அப்பால் முத்துச்செல்வி, பாதையோரக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பத்தடி தள்ளி ஒரு தாய் ஆடு, காலடியில் குட்டி. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அழுதுவிட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவள் நோட்டு நசுங்காமல் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஆடெல்லாம் பனியில மறைஞ்சிட்டு டீச்சர், வெலகட்டும்னு நின்னேன். நீங்கதான எண்ணி முடிக்காம வரக் கூடாதுன்னீங்க? பதினொண்ணு. குட்டியோட சேத்தா பன்னெண்டு."

ஒப்படைப்பு

மூன்றாம் நாள் மதியம் பள்ளி வாசலில் பஸ் நின்றது. ஒவ்வொரு பெற்றோராக வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, என் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் கடைசியாக வந்தார். அந்தப் பத்து நிமிஷத்தைச் சொல்லலாமா, மறைக்கலாமா? பிஜு மாஷ் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். ஏழாவது வரியை மறைக்காதவள் இதை மறைத்தால் ராத்திரி தூக்கம் வராது. சொல்லிவிட்டேன்.

பேச்சியம்மாள் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கையைத் தொட்டார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, உதடு அசைய முழுக்கப் படித்தார். கிழித்து முகத்தில் எறியப்போகிறார் என்றே நினைத்தேன். நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"மத்தவங்க திருப்பிக் கொடுத்தா கொடுக்கட்டும் டீச்சர், இது எங்கிட்ட இருக்கட்டும். பேப்பர்ல எழுதுனபடி நடந்து நான் இப்பதான் பாக்கேன்."

மானியம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் காடு காட்டக் கிளம்பும் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வரையாட்டை எண்ணுவதற்கு அங்கே சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார், நீங்கள் பிள்ளைகளை மட்டும் எண்ணுங்கள்.