முந்நூற்று நாற்பத்தாறு பக்கங்கள்

எங்கள் நகரத்து மெட்ரோ ரயில் பாதையைப் பக்கத்து லாவால் வரைக்கும் நீட்டிய வருடம் அது. மனைவியின் இரண்டு கண்களிலும் புரை. சத்திரசிகிச்சைக்குப் பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். டோர்வல் விமான நிலையத்தில் வேலை செய்யும் மகள், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று சென்னையிலிருந்து ஏழு பாகச் சரித்திர நாவல் ஒன்றை வரவழைத்தாள். கடல் வணிகர்கள், ஒற்றர்கள், துறைமுகச் சதிகள். மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள். கண் தெரியாதவளுக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

வில்லரேயில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு இருபது பக்கம் என்று திட்டம் போட்டேன். கதை நல்லதுதான். ஆனால் எழுதியவருக்குச் சரக்குப் பட்டியலில் அப்படியொரு மோகம். ஒரு கப்பல் கரைக்கு வந்தால் போதும். மிளகு எத்தனை மூட்டை, அகில் எத்தனை கட்டு, குதிரை எத்தனை, அதில் நொண்டி எத்தனை என்று பக்கம் பக்கமாக வரும். என் தொண்டை வறண்டுவிடும். இரண்டாம் பாகத்திலிருந்து அந்த இடங்களைத் தாண்டத் தொடங்கினேன். தாண்டிய பக்கங்களை ஒரு கொப்பியில் குறித்தும் வைத்தேன். கணக்கில்லாமல் ஒரு காரியம் செய்ய எனக்கு வராது.

ஐந்தாம் பாகம் வந்தபோது வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அங்கேதான் அகப்பட்டேன். இறந்த வணிகன் ஒருவனின் மனைவி, துரோகி யார் என்று சபையில் நிரூபிக்கிறாள். கடாரத்தில் ஏற்றிய கற்பூரப் பெட்டிகள் நாற்பது. நாகப்பட்டினத்தில் இறக்கியவை முப்பத்தெட்டு. காணாமற்போன இரண்டில் இருந்தவை வாள்கள்.

"எந்தக் கற்பூரப் பெட்டி?" என்றாள் மனைவி.

"இரண்டாம் பாகத்திலை வந்ததுதானே."

"நீங்கள் வாசிக்கேல்லையே."

"வாசிச்சனான். நீர்தான் மறந்திட்டீர்."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய அக்கா, பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இரண்டு வருடமாக இருக்கிறார். மறுநாள் மனைவி ஜாரியிலிருந்து பெர்ரி வரையுள்ள மெட்ரோ நிலையங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எட்டு நிலையங்கள். அவளுக்கு ஏழுதான் வந்தது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தரம் போய்த் தடவிப் பார்த்தாள். கதையும் வேண்டாம் என்றாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் நாளைக் கடத்தினேன். எட்டாம் நாள் மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பிள்ளை, அக்காவின்ரை வருத்தம் எனக்கும் வந்திட்டுது போலை. ஞாபகத்துக்குப் பாக்கிற டொக்டரிட்டை ஒரு நாள் எடு."

அவள் தொலைபேசியை வைத்ததும் சொன்னேன்.

"இஞ்சேர், அந்தப் பெட்டிக் கதையை நான் வாசிக்கவே இல்லை. தாண்டினனான்."

"எனக்காகச் சொல்லாதேங்கோ."

"உண்மையாத்தான். முந்நூற்று நாற்பத்தாறு பக்கம் தாண்டியிருக்கிறன். கொப்பியிலை கிடக்கு."

"கண் தெரியாதவளுக்குக் கொப்பியைக் காட்டுறியள். அத்தானும் இப்பிடித்தான். 'நீர் மறக்கேல்லை, நான்தான் சொல்லேல்லை' எண்டு அக்காவுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

எனக்கு ஆத்திரம் வந்தது. பொய்யைச் சொன்னவுடன் நம்பியவள், உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள். அந்த இடத்தை வாசித்துக் காட்டினாலும் பயனில்லை. இதை நான் முன்பு கேட்கவில்லை என்பாள். மறந்து போனவளும் அதையேதான் சொல்வாள். வேறு வழி தெரியாமல் இரண்டாம் பாகத்தை இழுத்து, கொப்பியில் குறித்திருந்த இருநூற்று ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்தேன். பிரியவில்லை. அச்சகத்தில் மேல் விளிம்பு வெட்டுப்படாமல், இருநூற்றுப் பதினாறு வரை தாள்கள் மடிப்போடு ஒட்டிக் கிடந்தன. அன்று அந்த எட்டுப் பக்கங்களையும் ஒரே தாளைப் போலப் புரட்டித் தள்ளியிருக்கிறேன்.

புத்தகத்தை அவள் மடியில் வைத்து, விரலைப் பிடித்து அந்த இடத்தில் விட்டேன். விளிம்பைத் தடவிக்கொண்டே போனாள். விரல் நுழையாத இடத்தில் நின்றாள். திரும்பவும் தடவினாள்.

"இது வெட்டேல்லை."

"ஓம்."

"அப்ப ஒருத்தரும் வாசிக்கேல்லை."

"ஓம்."

"கோயில் படியையும் எண்ணுற மனுசன், கப்பலிலை வந்த பெட்டியை எண்ணப் பஞ்சிப்பட்டுத் தாண்டினியளோ?"

கத்தி கொண்டுவரச் சொன்னாள். என்னிடம் தரவில்லை. தடவித் தடவி மடிப்புகளைத் தானே அறுத்துவிட்டுப் புத்தகத்தை நீட்டினாள். எட்டுப் பக்கமும் வாசித்தேன். அகில், சந்தனம், தந்தம், பெட்டி பெட்டியாகக் கற்பூரம். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கோ என்னை ஒரு கிழமை அழ வைச்சனீங்கள்? பிள்ளைக்குப் போன் எடுங்கோ. டொக்டர் வேண்டாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. ஏனெண்டும் சொல்லுங்கோ."

ஒரு கிழமை அல்ல, எட்டு நாள். நான் திருத்தவில்லை. மகளின் இலக்கத்தை அழுத்தினேன்.