எழுத்தைப் பெரிதாக்கியது மலர் அல்ல

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மலரோடு பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். விடுதிப் பலகையில் ஒட்டியிருக்கும் அஞ்சலியும் நான் எழுதியதுதான். அதில் அவளை அமைதியானவள், பொறுமையானவள் என்று எழுதியிருக்கிறேன். அவளோடு ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்கள் யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை உப்புமாவுக்கு வரிசையில் நின்றபோது செய்தி வந்தது. அவள் ஊரான நெல்லிவாசலில் இருந்து வந்த ஜீப்காரர் சமையல்கார அக்காவிடம், "மலரு போய்டுச்சிங்க. மஞ்சக்காமாலையாம்," என்றார். வெறும் காய்ச்சல் என்று பத்து நாளைக்கு முன் வீட்டுக்குப் போனவள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எதையும் பாதியில் விடக் கூடாது என்று என் உயிரை வாங்கியவள் இப்படியா போவாள்?

விடுதிப் பிள்ளைகள் யார் எந்த வாரம் ஊருக்குப் போகிறார்கள், எந்த ஜீப்பில், யாருடன் என்று பதியும் மென்பொருளை நாங்கள் இருவரும்தான் எழுதினோம். மொத்தம் ஒன்பது திரைகள். வார்டன்மாவுக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை. "இன்னாடி இது, எறும்பு ஊர்ற மாரி கீது?" என்றார். நான் ஒவ்வொரு திரையாக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தேன். நான்காவது திரையில் மலர் மவுஸைப் பிடுங்கினாள்.

"ஒம்போது எடத்துல மாத்துவியா? நாளைக்கு சின்னதாக்குன்னு சொன்னா மறுபடியும் ஒம்போதா? மொத்த ஆப்புக்கும் ஒரு தடவ சொல்லுடி. உள்ள கீற எல்லாம் கேட்டுக்கும்."

"ஒன்னு ரெண்டு விட்டுப்போனா போவட்டும், போடி."

"தலைல ஒரு பக்கம் மட்டும் எண்ணெ வெச்சிக்கினு கிளாசுக்கு வருவியா நீ?"

எழுத்தின் அளவு, நிறம், மொழி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுவந்து வைத்தாள். ஆப் திறக்கும்போதே அதைப் படித்துக்கொண்டு எல்லாத் திரைக்கும் கொடுத்துவிடும். அதில் ஒரு எண்ணை மாற்றினால்கூடப் பக்கத்தில் மாற்றியவள் பெயரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் சாப்பிடும்போதும் நச்சரிப்பாள். இன்னொரு சட்டமும் இருந்தது. எந்தத் திரைக்கும் அகலம் உயரத்தை எண்ணாகக் கொடுத்து நிறுத்தக் கூடாது. "எழுத்து வளர்ந்தா திரையும் வளரணும். ஆணி அடிச்சி வெச்சா எப்டிடி வளரும்?" என்பாள். யார் ஊருக்குப் போகிறார்கள் என்று காட்டும் திரைக்கு மட்டும் நான் அளவை எண்ணாகக் கொடுத்திருந்தேன். அப்படித்தான் பார்க்க அழகாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று காலையில் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார் வார்டன்மா. மலர் துணி துவைக்கப் போயிருந்தாள். நான் கோப்பைத் திறந்து பதினான்கை இருபது ஆக்கினேன். பெயரும் எழுதினேன். ஒன்பது திரையிலும் எழுத்து ஒரே நேரத்தில் வளர்ந்தது. அவள் நச்சரிப்பில் அர்த்தம் இருக்கிறது என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் ஊருக்குப் போகிறவர்களைக் காட்டும் அந்தத் திரை மட்டும் வளரவில்லை. அதன் கடைசி வரி விளிம்புக்குக் கீழே மறைந்துபோனது. எந்த ஜீப் என்று சொல்லும் வரி அதுதான். காலியாக இருந்திருந்தால் வார்டன்மா கேட்டிருப்பார். வரியே இல்லாததால் கேட்கத் தோன்றவில்லை. நெல்லிவாசலுக்குப் போக வேண்டிய ஆறாம் வகுப்பு வள்ளியை, மலையிறங்கிப் படவேட்டுக்குப் போகும் பிள்ளைகளோடு ஏற்றி அனுப்பிவிட்டார். குழந்தை படவேடு பஸ் ஸ்டாண்டில் சாயந்தரம் வரை அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பூக்கார அம்மா பக்கத்திலேயே வைத்துக்கொண்டதால் பத்திரமாகக் கிடைத்தாள்.

"யாருடி இத மாத்துனது?" என்று வார்டன்மா கத்தினார். மலர் கோப்பைத் திறந்தாள். என் பெயர் இருந்தது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். விடுதியில் இருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருப்பது அவளுக்குத் தெரியும். கோப்பை மூடினாள். "நான்தாம்மா. சரியா பாக்கல," என்றாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸ் அறைக்குள் அவளுக்கு அனுமதி இல்லை.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி அப்டி சொன்ன?"

"நீ ஏண்டி ஆணி அடிச்ச?" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் வார்டன்மா எல்லோர் முன்னாலும் சொன்னதைக் கேட்டீர்கள். "அந்தப் பொண்ணு பண்ணி வெச்ச கோளாறு. நாளைக்கு கலசப்பாக்கத்துல இருந்து ஆள் வர்றாரு. மொத்தமா அழிச்சிட்டு வேற போடுவாரு." அழித்தால் அந்தக் கோப்பும் போகும். என் பெயர் எங்கேயும் இருக்காது. நான் தப்பித்துவிடுவேன். செத்துப்போனவள் ஒரு குழந்தையைத் தொலைத்தவளாகவே இருப்பாள்.

அவளுடைய நோட்டுகளை எல்லாம் அவள் அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்காக அவள் சொன்ன அந்தப் பொய் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இந்த வருடப் படிப்பை முடித்துவிடலாம். ஆனால் என்னால் முடியவில்லை மலர். காலையில் அந்த ஆள் வருவதற்குள் வார்டன்மாவிடம் போய்ச் சொல்வேன். அப்பாவைக் கூப்பிடட்டும். அப்போது நீங்கள் எல்லோரும் என் பக்கத்தில் வந்து

கதவைத் தட்டுகிறார்கள். வார்டன்மா குரல்தான். காலை வரை தள்ளிப்போட வேண்டாம்போல.