படங்குக்கு மேலே ஒரு பெல்ட்

அந்த பெல்ட்டை வாங்கியவர் என் கணவர். மாத்தளை டவுனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் ஒன்றில் அவருக்கு வேலை. திங்கட்கிழமை விடியப் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். ரத்தோட்டையில் பஸ் மாறி, ரிவர்ஸ்டன் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இறங்குவார். ஒரு சனிக்கிழமை அப்படி இறங்கி நடந்து வந்தவரின் இடுப்பு, இருட்டுகிற நேரத்திலும் மின்னியது.

கறுப்பு பெல்ட். மூன்று விரல் அகலம். சுற்றிலும் இரண்டு வரிசையில் வெள்ளி நிற ஆணிகள், ஒவ்வொன்றும் நாலு பக்கமும் சீவிய கூம்பு மாதிரி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் தொங்கியதாம்.

"எப்படி இருக்கு?" என்று என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"நல்லாருக்கு" என்றேன். எனக்கு அது வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றிவிட்டது.

மறுநாள் காலை அவர் மலைத்தண்ணீர் விழும் பீலியில் குளிக்கப் போன நேரம் பார்த்து, சுவர் ஆணியில் மாட்டியிருந்த பெல்ட்டை எடுத்து என் சுடிதாருக்கு மேலே கட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கண்ணாடி முகம் பார்க்க மட்டும்தான் போதும். இடுப்பைப் பார்க்க ஸ்டூலில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. தலை தெரியவில்லை, கால் தெரியவில்லை. இடுப்பும் அந்த ஆணிகளும் மட்டும் தெரிந்தன. நான் சற்றுப் பெரிய உடம்புக்காரி. பள்ளிக்கூட நாளிலிருந்தே துப்பட்டாவை இழுத்து இழுத்து இடுப்பை மறைத்துத்தான் பழக்கம். அன்றைக்கு ஸ்டூலில் நின்றபோது மறைக்கத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கத்தான் தோன்றியது.

ஈரத் துண்டோடு கணவர் உள்ளே வந்துவிட்டார்.

"அது ஆம்பளைங்க பெல்ட்டு."

"அப்படின்னு எங்கங்க எழுதியிருக்கு?"

அவர் நிஜமாகவே கிட்டே வந்து, பெல்ட்டின் நுனியைப் பிரட்டிப் பார்த்தார். உள்பக்கம் அச்சடித்திருந்ததைப் படித்தார். "முப்பத்தாறுன்னு மட்டுந்தான் போட்டிருக்கு" என்றார்.

"என் இடுப்பும் முப்பத்தாறுதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை பழைய பெல்ட்டையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். "ஒரு கிழமைக்கு வச்சிக்க" என்றார். அந்த ஒரு கிழமை முடியவே இல்லை.

டவுனுக்கோ கோயிலுக்கோ போகும்போது கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் மாதிரிக் கொழுந்து பறிக்கிறவர்கள் டவுனுக்குப் போவது எப்போதாவதுதான். கிழமையில் ஆறு நாள் நாங்கள் நிற்பது மலையில். அழகான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஏழாவது நாளுக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

மலையில் நாங்கள் உடுப்புக்கு மேலே படங்கு கட்டுவோம். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக்கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அது. பனியில் நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது இல்லாமல் நடக்க முடியாது. அதை எல்லாரும் கயிற்றால்தான் இறுக்கிக் கட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் கயிற்றை வீட்டில் விட்டுவிட்டு, படங்குக்கு மேலே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவுக்காரம் பூசி, கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரி என் கூடப் படித்தவள். மலையிலும் எனக்கு அடுத்த நிரையில்தான் பறிப்பாள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னா இது, கயிறு அறுந்து போச்சா?"

"இல்ல."

"அப்ப?"

"அழகா இருக்குன்னு கட்டுனேன்."

அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் தேவைப்பட்டது. கயிறு இடுப்பை அறுக்கிறது, பெல்ட் அறுக்காது என்று சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். அது உண்மையும்கூட. ஆனால் நான் அதற்காகக் கட்டவில்லையே. அவள் பறிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பறிப்பதை நிறுத்திவிட்டு என் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பகலில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லாருடைய கண்ணும் என் மேல். கணக்கப்பிள்ளை ஐயா தராசை விட்டுவிட்டு, "என்னா, போலிஸ்ல சேந்துட்டியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். அந்தப் பெயரை நான் வெறுக்கவில்லை. வேறு யாருக்கும் அப்படி ஒரு பட்டப்பெயர் கிடைக்கவில்லையே.

இரண்டு மூன்று கிழமை அப்படியே போனது. பிறகு ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரத்தில் கணக்கப்பிள்ளை ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளையிலருந்து அது வேணாம். அதுல இருக்க ஆணி கழண்டு கொழுந்துல விழுந்தா ஃபெக்டரில பெரிய பிரச்சினையாகிப் போகும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொழுந்தோடு இரும்புத் துண்டு போனால் மெஷின் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கேயே கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். ஒருத்தியிடம் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். அன்றைக்கு மனது சரியாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் நிரைக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒன் இடுப்புல அது இருந்தப்பதான் எனக்கு இந்த மலையில பாக்கிறதுக்கு ஒண்ணு இருந்திச்சி" என்றாள். அவள் கேலி பண்ணவில்லை.

சனிக்கிழமை கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். தன் பெல்ட் தனக்கே திரும்பி வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார் என நினைத்தேன். அவர் பெல்ட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு ஆணியாக ஆட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று ஆடின.

"அவரு சொல்றது சரிதான். ஆனா இது செய்ய முடியாத வேலை இல்ல."

அடுத்த கிழமை பெல்ட்டைக் கராஜுக்குக் கொண்டுபோனார். ஆணிகள் உள்பக்கம் சின்னப் பற்களால்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் பற்களையும் மடக்கி, சுத்தியலால் தட்டிப் படிய வைத்து, மேலே பசை தடவி, மெல்லிய தோல் ஒன்றை உள்பக்கம் முழுக்க ஒட்டித் தைத்துக் கொண்டுவந்தார். படங்குக்கு மேலே கட்ட வசதியாக நுனியில் ஒரு ஓட்டையும் கூடுதலாகப் போட்டிருந்தார். கராஜில் பையன்கள் யாருக்கு என்று கேட்டார்களாம். "எங்க வீட்டு இன்ஸ்பெக்டருக்குன்னு சொன்னேன்" என்றார்.

திங்கட்கிழமை நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே போனேன். கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு முன்னால் நின்று, கழற்றி நீட்டினேன்.

"இழுத்துப் பாருங்க ஐயா. ஒண்ணு ஆடினாலும் நான் கட்டல."

அவர் நகத்தால் நெம்பினார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனா மூடியால் நெம்பினார். ஒன்றும் அசையவில்லை. அதற்குள் எங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தோட்டத்து உதவி மனேஜரான எங்கள் சின்னத்தொரை, வந்து சில மாதமே ஆன இளம் ஆள், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று பார்க்க வந்தார்.

"ஆணி சரிதான்" என்றார் கணக்கப்பிள்ளை ஐயா. "ஆனா இது ஆம்பளைங்க கட்டுறது. பொம்பளைங்க கட்டுனா பாக்கிறதுக்கு நல்லா இருக்குமா?"

அப்போதுதான் விஷயம் ஆணி இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் லேசாகிவிட்டது. ஆணியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. இதைப் பற்றி இல்லை.

"நல்லா இருக்குங்க ஐயா" என்றேன். "நான் பாத்துட்டுத்தான் கட்டுனேன்."

பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "நாங்களும் பாத்தோம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். இன்னும் இரண்டு மூன்று பேர் ஆமா ஆமா என்றார்கள். சின்னத்தொரை பெல்ட்டைக் கையில் வாங்கி, தைத்திருந்த உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். சிங்களவர் என்றாலும் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும்.

"யார் தைச்சது?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"கெட்டியா இருக்கு. கட்டிக்கிட்டு வேலைக்குப் போங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கணக்கப்பிள்ளை ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் பேர்ப் புத்தகத்தில் என் பேரை எழுதும்போது அவர் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு இருந்ததைப் பார்த்தேன்.

அந்த மாதச் சம்பள நாளில், தோட்டத்துச் சந்தியில் துணிமணி விற்க வரும் வியாபாரி நானாவைப் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். மாத்தளையிலிருந்து வேனில் வரும் முஸ்லிம் வியாபாரி அவர், எங்களுக்கெல்லாம் நானா.

"நானா, ஆணி வச்ச பெல்ட்டு இருக்கா?"

"இப்ப இல்ல, கொண்டு வரலாம். ஆம்பளைக்கா பொம்பளைக்கா?"

"இடுப்புக்கு நானா."

வியாபாரி சிரித்துக்கொண்டே எத்தனை வேண்டும் என்று கேட்டார். அடுத்த தடவை வரும்போது ஒரு கொத்து தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பில், கபில நிறத்தில், ஒரு வரிசை ஆணி வைத்தது, வளையம் கோத்தது என்று பல மாதிரி. எங்கள் பெண்கள் வாங்கினார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களில் சிலரும் வாங்கினார்கள். ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று அவர் பிரித்து வைத்து விற்கவில்லை, யாரும் பிரித்துப் பார்த்து வாங்கவும் இல்லை. இடுப்பில் சுற்றிப் பார்த்து, பொருந்தியதை எடுத்துக்கொண்டு போனார்கள். மலைக்குக் கட்டுகிறவர்களின் பெல்ட்டுகளையெல்லாம் என் கணவர் உள்பக்கம் தைத்துக் கொடுத்தார். மழை ஓய்ந்த ஒரு காலையில் நான் மேல் நிரையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். மூடுபனி விலகி வெயில் வந்த இடத்தில், சரிவு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இடுப்புகள் பளிச்சிட்டன. அந்த மலையில் பத்து வருஷத்துக்கு மேல் பறிக்கிறேன். அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதற்கு அப்புறம்தான் என் கணவருக்குச் சோதனை வந்தது. பலாபத்வலையில் ஒரு மண்டபத்தில் அவருடைய சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் தயாராக இருந்தன. பழைய பெல்ட் கொக்கி உடைந்து கிடந்தது.

"நாளைக்கு மட்டும் குடேன்" என்றார்.

எனக்கும் சேலைக்கு மேலே அதைக் கட்ட ஆசை. கடைசியில் பாதி நாள் அவருக்கு, பாதி நாள் எனக்கு என்று பேசி முடித்தோம். படங்கு இல்லாவிட்டால் அவர் இடுப்புக்கும் என் இடுப்புக்கும் ஒரு ஓட்டைதான் வித்தியாசம்.

மண்டபத்து வாசலிலேயே எங்கள் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அதற்குள் அந்த பெல்ட் என்னுடையது என்று தோட்டம் முழுக்கத் தெரியும். ஒருவர் சத்தமாகவே கேட்டார்.

"என்னா மச்சான், பொண்டாட்டி பெல்ட்ட கட்டிக்கிட்டு வந்துட்ட?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இது நான்தான் வாங்கினேன், என் பெல்ட்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. அவர் சட்டையைச் சற்றுத் தூக்கி, பெல்ட் நன்றாகத் தெரியும்படி நின்றார்.

"ஆமா, அவ பெல்ட்டுதான். லேசில குடுக்கல. கெஞ்சித்தான் வாங்கிட்டு வந்தேன். எனக்கு நல்லாருக்கா, இல்லயா?"

கேட்டவர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எத்தனையோ நகை போட்ட பெண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே கழுத்தில் ஒன்றும் பெரிதாக இல்லாமல் போய் உட்கார்ந்தபோது, அந்த மண்டபத்திலேயே நான்தான் பணக்காரி மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் என் முறை வந்தது. சுவரோரமாக நின்று அவர் பெல்ட்டைக் கழற்றித் தந்தார். ஊதா நிறச் சேலை, முந்தானையை மடித்துச் செருகி, அதற்கு மேலே கறுப்பு பெல்ட். பாட்டுப் போட்டதும் பெண்கள் என்னை நடுவில் இழுத்துவிட்டார்கள். மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து, "அண்ணி, இதை எங்க வாங்கினீங்க?" என்று காதில் கேட்டாள். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

நான் ஆடினேன். கல்யாண வீடுகளில் அதுவரை கதிரையை விட்டு எழும்பாதவள், சேலை நழுவுமோ என்ற பயமில்லாமல் வேர்க்க வேர்க்க ஆடினேன். என் கணவரும் பக்கத்தில் வந்து ஆடினார். ஒரு கையை மேலே தூக்கி ஆடினார். மற்றக் கை, காற்சட்டை வழுகாமல் இருக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

ரத்தோட்டை பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இப்பவாவது குடுத்துரு, படியில ஏறணும்" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதி நாள் எனக்குன்னு பேசினோம்" என்றேன். "நாள் இன்னும் முடியலங்க."

அவர் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் காற்சட்டையையும் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.